ஸ்பானிஷில் 'செய்யாதே' என்று சொல்லும்போது நேரும் தவறுகள்

'பேசு' என்பதற்கு ஸ்பானிஷில் 'ஆப்லா'. அதன் முன்னால் ஒரு 'நோ' போட்டால் 'பேசாதே' ஆகிவிடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. 'நோ ஆப்லா' என்றால் 'அவர் பேசுவதில்லை'. பிழையில்லாத வாக்கியம் என்பதால், கேட்பவர் திருத்தாமல் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொள்வார். தமிழிலும் 'பேசு' வேறு, 'பேசாதே' வேறு; இங்கும் எதிர்மறைக்குத் தனி வடிவம் உண்டு.

'நான் பேசுகிறேன்' என்ற வடிவத்தை எடுங்கள்: 'ஆப்லோ'. கடைசி 'ஓ'வை நீக்குங்கள். அகராதி வடிவம் 'ஆர்' என முடியும் வினைக்கு ('அப்லார்' போல) 'எஸ்' விகுதி: நோ ஆப்லெஸ். 'ஏர்', 'ஈர்' என முடிபவற்றுக்கு 'அஸ்' விகுதி: நோ கோமஸ் (சாப்பிடாதே), நோ எஸ்க்ரீபஸ் (எழுதாதே). உயிரெழுத்து இடம் மாறுகிறது, அவ்வளவுதான். மாற்ற மறந்து 'நோ கோமெஸ்' என்றால் 'நீ சாப்பிடுவதில்லை' ஆகிவிடும்.

கடைசி 'ஸ்' விழுந்தால் 'நோ கோமா': 'சாப்பிடாதீர்கள்' என்ற மரியாதை வடிவம். பெரும்பாலான இடங்களில் நண்பரிடம் இது விலகிப் பேசுவதுபோல் ஒலிக்கும். பொகோட்டா போன்ற இடங்களில் வீட்டுக்குள்ளேயே இப்படிப் பேசுவார்கள் என்பது வேறு கதை. மரியாதை வடிவங்களுக்கு மட்டும் வெறும் 'நோ' போதும்: 'ஆப்லே', 'நோ ஆப்லே'. ஸ்பெயினில் நண்பர்கள் பலரிடம் பேசும்போது 'அப்லாத்' என்பது 'நோ அப்லேயிஸ்' ஆக வேண்டும். லத்தீன் அமெரிக்காவில் இதற்குப் பதில் 'நோ ஆப்லென்' என்பார்கள்.

அதிகம் தடுமாறுவது 'அதை', 'என்னை' போன்ற சொற்களில்தான். ஏவலில் அவை வினையின் வாலில் ஒட்டும். எதிர்மறையில் 'நோ'வுக்கும் வினைக்கும் நடுவே தனியாக நிற்கும். 'கோம்ப்ரலோ' (அதை வாங்கு) என்பது 'நோ லோ கோம்ப்ரெஸ்'. 'எஸ்பேரமே' (எனக்காகக் காத்திரு) என்பது 'நோ மே எஸ்பேரெஸ்'. 'நோ கோம்ப்ரெஸ்லோ' என்று ஒட்டுவது பிழை.

எழுதும்போது இன்னொரு சிக்கல். 'தோகார்' (தொடு) வினையில் 'சி' எழுத்தை அப்படியே வைத்து 'எஸ்' சேர்த்தால் உச்சரிப்பு கெடும். அதனால் 'சி' போய் 'க்யூ', 'யு' வரும். 'யேகார்' (வந்துசேர்) வினையில் 'ஜி'யை அடுத்து ஒரு 'யு'. 'க்ருசார்' (கடந்து போ) வினையில் 'இசட்' போய் 'சி'.

'நோ ஃபுமார்' (புகைபிடிக்கக் கூடாது) என்ற பலகையைப் பார்த்து நேர்ப்பேச்சிலும் அதையே சொல்லாதீர்கள். பலகைக்கு அது சரி. எதிரில் நிற்பவரிடம் 'நோ ஃபூமெஸ்'.