பழைய ஆயில் இன்ஜினுக்குப் புதுப் பெயின்ட் வேண்டாம்

ஆலங்குளம் பக்கம் எங்கள் கிணற்று மேட்டு ஷெட்டில் தாத்தா காலத்து ஆயில் இன்ஜின் ஒன்று கிடக்கிறது. 1990-இல் விவசாய மின்சாரம் இலவசமானது. அதற்குப் பிறகு கரண்ட் மோட்டார் வந்து, இது மூலைக்குப் போய்விட்டது. பச்சைப் பெயின்ட் பாதி உதிர்ந்துவிட்டது. மீதியில் தாத்தா வெள்ளையில் எழுதிய இனிஷியல் மங்கலாகத் தெரியும். “ஒரு கோட்டிங் அடிச்சா புதுசு மாதிரி ஆயிரும்லா?” என்று கேட்காத ஆள் இல்லை. ஆகும்தான். இனிஷியலும் போய்விடும்.

இருக்கிற பெயின்ட் இருக்கிறபடியே நிற்க வேண்டும், துரு மேலே பரவக் கூடாது. அதற்கான வேலை இது. பங்குனி, சித்திரை வெயிலில் செய்யுங்கள். ஐப்பசி ஈரத்தில் எதுவும் காயாது.

முதலில் காய்ந்த பிரஷால் ஒட்டடையையும் மண்ணையும் தட்டுங்கள். காற்று உறிஞ்சும் வாய், சைலன்சர் வாய், டீசல் டேங்க் மூடி மூன்றையும் பிளாஸ்டிக் கவர் சுற்றிக் கட்டுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் துணி நனைத்துத் துடைக்க வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் தண்ணீர் மட்டும் வேண்டாம்; தொங்கிக்கொண்டிருக்கும் பெயின்ட்டையும் சேர்த்துக் கழற்றிவிடும். கெட்டிப்பட்ட எண்ணெய்ப் பிசுக்குக்குக் கொஞ்சம் டீசல் போதும். எதையும் கண்ணில் படாத மூலையில் தொட்டுப் பாருங்கள். துணியில் பச்சை ஏறினால் நிறுத்திவிட வேண்டியதுதான். ஒரு நாள் முழுக்க வெயிலில் காயட்டும்.

அடுத்தது துரு. செதில் செதிலாகப் பெயர்ந்து வருவதை மூங்கில் சிம்பால் சுரண்டி எடுங்கள். இரும்போடு ஒட்டி நிற்கும் பழுப்புத் துருவை விட்டுவிடுங்கள். பெயின்ட் இல்லாத இடத்தில் ஸ்டீல் உல்லை எண்ணெயில் தொட்டு லேசாகத் தேய்க்கலாம். உப்புத்தாள் போடாதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது, குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் இன்னும் மோசம். துருவைக் கருப்பாக மாற்றும் மருந்தும் கடையில் கிடைக்கும். பழுப்பு நிறம் பிடித்தவர்கள் அதைத் தொடவேண்டாம்.

இனி எண்ணெய். பெயின்ட் கடையில் ‘டபுள் பாயில்ட் லின்சீட் ஆயில்’ என்று கேளுங்கள், நம் ஆளிவிதை எண்ணெய்தான். அதில் பாதியும் டர்ப்பன்டைன் பாதியும் கலந்து, பனியன் வேஸ்டில் தொட்டு மெல்லிசாகத் தேய்க்க வேண்டும். வெளுத்த பச்சை கண்முன்னே திரும்பி வரும். பதினைந்து, இருபது நிமிடம் விட்டு, மிச்ச எண்ணெய் முழுவதையும் துடைத்துவிடுங்கள். முதல் தடவை நான் ஆசையில் கொழகொழவென்று பூசி அப்படியே விட்டேன். இரண்டு வாரம் கை வைத்தால் ஒட்டியது, புழுதியெல்லாம் அதில் அப்பிக்கொண்டது. டர்ப்பன்டைன் போட்டு மறுபடி துடைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

தேங்காய் எண்ணெய் ஆகாதா என்றால், அது காயாது. லின்சீட் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக் கெட்டியான படலமாகிவிடும். கழிவு இன்ஜின் ஆயிலும் காயாது, வழிந்து கிணற்று மேட்டு மண்ணைத்தான் கெடுக்கும்.

லின்சீட் காயும்போது சூடு கிளம்பும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வேலை முடிந்த உடனே துணியை வாளித் தண்ணீரில் முக்குங்கள், அல்லது வெளியே ஒற்றை விரிப்பாகக் காயப் போடுங்கள். வைக்கோல் படப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

எண்ணெய் படக் கூடாத இடங்களும் உண்டு. இன்ஜினை ஓட்டும் எண்ணம் இருந்தால் பெல்ட் ஓடும் பரப்பில் பூசாதீர்கள், வழுக்கும். சைலன்சரையும் ரப்பர் ஹோஸையும் விட்டுவிடுங்கள். லின்சீட் நாளாக ஆக மஞ்சளிக்கும். அதனால் இனிஷியல் மேல் எண்ணெய் வைக்காமல் தேன்மெழுகு மட்டும் தேய்த்தேன். வேண்டாமென்றால் மெழுகைப் பிறகு எடுத்துவிடலாம், காய்ந்த லின்சீட்டை எடுப்பது பெரும்பாடு.

இரண்டு நாள் காய்ந்ததும் அடியில் கட்டை கொடுத்து, தரை ஈரம் படாமல் தூக்கி வையுங்கள். வருடம் ஒரு தடவை, புரட்டாசிக்குள், மெல்லிசாக ஒரு கை எண்ணெய் போதும். எங்கள் ஷெட்டில் கோழிகள் ராத்திரி அதன் மேல்தான் அடையும், எச்சம் விழுந்த இடத்தில் பெயின்ட் அரித்துப்போய்விட்டது. இப்போது மேலே ஒரு சாக்கு கிடக்கிறது. கோழிகள் சாக்கு மேல் உட்காருகின்றன.