ஊர் நிதியில் கட்டாயம் நுழையாமல் காப்பது எப்படி?

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின் செய்ததுபோல டெல்டா ஊர்களில் நிவாரண நிதி திரட்ட நேர்ந்தால், யார் எவ்வளவு தந்தார் என்பது வசூலிப்பவருக்கே தெரியாதபடி, பூட்டிய உண்டியலை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

1933-இல் நாஜி ஜெர்மனி தொடங்கிய குளிர்கால நிவாரணத் திட்டத்தில் தந்தவருக்குச் சட்டையில் குத்தும் சின்னமும் வாசற்கதவில் ஒட்டும் அட்டையும் வழங்கப்பட்டன. ஊதியத்திலும் பிடித்தம் நடந்தது. குளிர்கால மாதங்களில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு ஒற்றைப் பாத்திர உணவோடு நிறுத்தி, மிச்சப்பட்ட காசை வாசலுக்கு வருவோரிடம் தரவேண்டியிருந்தது. அட்டை இல்லாத கதவு அண்டை வீட்டார் கண்ணில் உறுத்தியது என்பதே இதில் கொடுமையானது.

ஆகவே கோயில் சுவரிலோ வாட்ஸ்அப் குழுவிலோ நன்கொடையாளர் பட்டியல் போடாதீர்கள். தலைக்கட்டு வரிபோல வீட்டுக்கு இவ்வளவென்று விதிக்காதீர்கள். நடவுக் கூலியில் பிடிக்காதீர்கள். குறுவை பொய்த்த குடும்பம் இயலாதென்றால், காரணம் கேட்காமல் அடுத்த வீட்டுக்கு நகருங்கள். மொத்த வரவையும் செலவையும் மட்டும் எழுதி ஒட்டுங்கள்.