பத்தரை மணி பஸ்ஸில் போய் இறங்காதீர்கள்

கிராமத்தில் வயதானவர்கள் எப்படி நன்றாக வாழ்கிறார்கள் என்று முதுகலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ ஆய்வு செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் சறுக்குவது நேரத்தில்தான். காலை பத்தரைக்குப் போய் இறங்கினால், எழுபது வயதிலும் திடமாக நடமாடுகிற பாட்டி வீட்டில் இருக்க மாட்டார். நூறு நாள் வேலைக்கோ, ஆடு ஓட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கோ போயிருப்பார். திண்ணையில் மிஞ்சுவது முடியாதவர்கள் மட்டும். நான் அப்படி நாற்பது படிவம் நிரப்பிக்கொண்டு வந்தேன், ஊரே படுத்துக் கிடப்பது போல இருந்தது. சரி, விடியற்காலையில் டீக்கடைக்குப் போகலாம் என்றால் அங்கே ஆண்கள்தான் கிடைப்பார்கள். சாயங்காலம் தெருத்தெருவாகப் போங்கள், ஊரோடு நிறுத்திவிடாமல் காலனிக்கும் போங்கள்.

வயதை ஆதாரைப் பார்த்து எழுதாதீர்கள். பலருக்கு அதில் ஜனவரி 1 என்று இருக்கும், வாயால் கேட்டாலோ "போடு, ஒரு அறுபது" என்பார்கள். அண்ணா இறந்தபோது (1969) கல்யாணம் ஆகிவிட்டதா, ராமேஸ்வரம் பக்கம் என்றால் 1964 புயலின்போது எவ்வளவு பெரிய பிள்ளை என்று கேட்டால் ஓரளவு பிடிபடும்.

அப்புறம் இந்த அளவுகோல்கள். ஞாபகசக்தியைச் சோதிக்க 1975-இல் வந்த ஃபோல்ஸ்டீன் கேள்வித்தாளை அப்படியே தமிழாக்கிக்கொண்டு போவார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது என்று அதில் உண்டு. பள்ளிக்கூடம் போகாத ஒரு அம்மா கழித்தலில் தடுமாறினார், எழுதச் சொன்னதும் சிரித்துவிட்டார். மதிப்பெண்ணைப் பார்த்தால் மறதி நோய். அதே அம்மா, மூன்று வட்டிக்குக் கொடுத்த எட்டாயிரத்துக்கு ஐந்து மாதத்தில் ஆயிரத்து இருநூறு வர வேண்டும் என்று விரலைக்கூட மடக்காமல் சொன்னார். படிக்காதவர்களுக்கென்றே ஹரியானாவின் பல்லப்கரில் இந்தியில் ஒரு சோதனை உருவாக்கினார்கள். எடுப்பதென்றால் அந்த வழியை எடுங்கள்.

கையில் படிவத்தோடு போனால் தாலுகா ஆபீஸ் ஆள் என்றுதான் நினைப்பார்கள். மாதாமாதம் அரசு தரும் முதியோர் உதவித்தொகை ஆதரவற்றவர்களுக்கு என்பதால், மகன் பணம் அனுப்புவதைச் சொன்னால் அது நின்றுவிடுமோ என்று பயந்து மறைப்பார்கள். பிறகு நீங்கள் "பிள்ளைகள் கைவிட்ட முதியோர்" என்று ஒரு அத்தியாயமே எழுதிவிடுவீர்கள். நீங்கள் யார், எந்தக் கல்லூரி, இதனால் காசு வராது, போகவும் போகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மருமகள் பக்கத்தில் நிற்கும்போது பாட்டியிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதும் வீண். "ஒரு குறையும் இல்ல சாமி" என்பதுதான் பதிலாக வரும். நோட்டை மூடிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடக்கையில், வழி காட்டுகிறேன் என்று அந்தப் பாட்டி கூடவே வருவார் பாருங்கள், அப்போதுதான் ராத்திரிக்கு ரசம் சோறு மட்டும் என்று மெதுவாகச் சொல்வார். அதை எழுதிக்கொள்ளலாமா என்று அங்கேயே அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.