தேங்காயின் இடத்தில் கடலையும் அக்ரூட்டும்: பிற நாட்டுக் குழம்புகளை நம் அடுப்பில் வைக்கும் முறை

திருநெல்வேலிச் சீமையில் குழம்பைக் கெட்டிப்படுத்த வேண்டும் என்றால் கை தேங்காய்த் துருவலைத்தான் தேடும். மாப்பிள்ளைச் சொதியானாலும் அன்றாட மீன் குழம்பானாலும் தேங்காயை அரைத்துவிடுவதோ பாலெடுத்து ஊற்றுவதோ நமக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. தேங்காய் எளிதாகக் கிடைக்காத நாடுகளிலும் இதே வேலை நடக்கிறது. செனகலிலும் மாலியிலும் நிலக்கடலையை அரைத்து ஊற்றுகிறார்கள், ஈரானிலும் ஜார்ஜியாவிலும் அக்ரூட்டை அரைக்கிறார்கள், ஸ்பெயினில் பாதாமை அரைக்கிறார்கள். அம்மியிலோ மிக்சியிலோ அரைத்துவிட்டுப் பழகியவருக்கு இந்தச் சமையல்களின் பாதி வேலை முன்பே தெரியும். மாற்றிக்கொள்ள வேண்டியவை தீயின் அளவும் கொதிக்கும் நேரமும் மட்டுமே.

அவை ஏன் மாறுகின்றன என்பதைப் புரிந்துகொண்டால் குறிப்பைப் பார்க்காமலேயே சமைக்கலாம். 100 கிராம் அக்ரூட்டில் ஏறத்தாழ 65 கிராம் கொழுப்பு இருக்கிறது. பாதாமிலும் நிலக்கடலையிலும் அது 50 கிராமை ஒட்டி இருக்கும். முந்திரியில் 45 கிராம் அளவுக்குக் குறைந்து, அதற்கு ஈடாக மாவுச்சத்து கூடுகிறது. ஆகவே முந்திரி விழுது குழம்பில் சேர்ந்த சில நிமிடங்களிலேயே கெட்டியாகிவிடும். தீ அதிகமானால் அடிபிடிக்கும். அக்ரூட்டோ மெல்ல மெல்ல எண்ணெயை வெளியே விட்டுத்தான் குழம்பாக மாறும், அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். சொதியில் முதல் பாலை ஊற்றியதும் கொதிக்கவிடாமல் இறக்குகிறோம், ஏனெனில் கொதித்தால் பால் திரிந்துபோகும். அந்தப் பழக்கத்தை அக்ரூட்டிடம் காட்டினால் கசப்பும் பச்சை வாடையும் நீங்காத ஒரு கஞ்சிதான் கிடைக்கும். பருப்பின் இயல்புக்கு ஏற்பத் தீயை வைப்பதே இந்தச் சமையலில் முதலில் கற்க வேண்டியது.

வாங்கும்போதே கவனம் தேவை. அக்ரூட்டின் கொழுப்பு காற்றும் வெப்பமும் பட்டால் விரைவில் சிக்கடித்துப்போகும். நம் ஊர் வெயிலில் கடை அலமாரியில் நெடுநாள் கிடந்த அக்ரூட்டை ஒன்று உடைத்து மோந்து பார்த்தால் பழைய எண்ணெய் வாடை தெரியும். அதை எந்த மசாலாவாலும் மறைக்க முடியாது. உள்பருப்பு வெளிறிய நிறத்தில் இருப்பதைப் பார்த்து வாங்கி, மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் வைக்கவும். நிலக்கடலை விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் பட்ட கடலையில் பூஞ்சணம் பிடிக்கும். அதிலிருந்து உண்டாகும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கக்கூடியது. வீட்டில் வறுப்பதாலும் வேகவைப்பதாலும் அது முழுவதும் அழிந்துவிடாது. எனவே சுருங்கியதும் நிறம் மாறியதும் பூஞ்சை படிந்ததுமான பருப்புகளைப் பொறுக்கி எறிந்துவிட்டே மற்றவற்றைப் பயன்படுத்த வேண்டும்.

வறுப்பதற்கு அடிகனத்த இரும்புச்சட்டியும் சிறு தீயும் போதும். கோவில்பட்டியில் கடலை மிட்டாய் செய்பவர்கள் கடலையின் வறுவல் பதத்தில் எவ்வளவு கண்ணாக இருக்கிறார்களோ, அதே கவனம் குழம்புக்கும் வேண்டும். முதலில் ஈரம் போகும். அப்போது வாசனை வராது. பிறகு மெல்லிய படபடப்பு தொடங்கும். அந்த ஒலி அடங்கும் தறுவாயில் ஒரு கடலையை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்தால் தோல் உரிந்து, உள்ளே இளம்பொன் நிறம் தெரிய வேண்டும். அப்போதே தாம்பாளத்தில் கொட்டிப் பரப்பிவிடவும். சட்டியிலேயே விட்டுவைத்தால் உள்சூட்டிலேயே கருகும். ஆறிய பிறகே அரைக்க வேண்டும். சூட்டோடு மிக்சியில் போட்டால் எண்ணெய் விட்டு ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் மையாகவும் மறு பக்கம் கட்டியாகவும் நிற்கும்.

முதலில் செய்து பார்க்க ஏற்றது இந்தோனேசியாவின் கடோ-கடோ. வேகவைத்த காய்களின் மேல் நிலக்கடலைச் சாறு ஊற்றி உண்ணும் உணவு அது. அந்தச் சாற்றுக்குச் சாவகத்தார், அதாவது ஜாவா தீவினர், பனை வகை மரங்களிலிருந்து எடுக்கும் வெல்லத்தையும் புளியையும் சேர்க்கிறார்கள். உடன்குடிக் கருப்பட்டி கிடைக்கும் நம் ஊரில் அதற்கு மாற்றுத் தேட வேண்டிய தேவையே இல்லை. வெள்ளைச் சர்க்கரையைப் போட்டு ஒப்பேற்ற வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். 150 கிராம் நிலக்கடலையை எண்ணெயில் பொரித்தோ வெறுஞ்சட்டியில் வறுத்தோ எடுத்துக்கொள்ளவும். அதனுடன் 4 வற்றல் மிளகாய், 2 பல் பூண்டு, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கச்சோலத்தில் சுண்டுவிரல் நக அளவு ஆகியவற்றைச் சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்கவும். மேசைக்கரண்டி 2 அளவு கருப்பட்டியை வெந்நீரில் கரைத்து, மண்ணும் தும்பும் போக வடிகட்டி ஊற்றவும். நெல்லிக்காய் அளவு புளியின் கரைசலும் உப்பும் ஒன்றரை டம்ளர் தண்ணீரும் சேர்த்துச் சிறு தீயில் பத்து நிமிடம் கிளறினால் சாறு கரண்டியில் படியும் பதத்துக்கு வரும். அங்கே எலுமிச்சை இனத்து இலை ஒன்றைக் கிள்ளிப் போடுவது உண்டு; வீட்டு நாரத்தையின் கொழுந்து இலை இங்கே அந்த மணத்தைத் தரும். உருளைக்கிழங்கு, பீன்ஸ், முட்டைக்கோஸ், முளைகட்டிய பயறு, அவித்த முட்டை ஆகியவற்றின் மேல் இதை ஊற்றிப் பரிமாறலாம். சாறு ஆற ஆற இறுகும் என்பதால் அடுப்பிலிருந்து இறக்கும்போது சற்று நீர்க்கவே இருக்கட்டும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் மாஃபே அதே கடலையை இறைச்சிக் குழம்பாக்குகிறது. நிலக்கடலை தென் அமெரிக்காவில் பிறந்த பயிர். போர்ச்சுக்கீசியர் கடல் வழியே கொண்டுசென்ற பிறகே ஆப்பிரிக்காவில் வேரூன்றியது. இன்று செனகல், மாலி, காம்பியா நாடுகளில் அது அன்றாடச் சமையலின் ஒரு பகுதி. அரைக் கிலோ ஆட்டுக்கறியை எண்ணெயில் சிவக்கப் புரட்டி எடுத்து வைத்துவிட்டு, அதே எண்ணெயில் இரண்டு வெங்காயமும் பூண்டும் வதக்கி, நான்கு தக்காளியைச் சாறாக அரைத்து ஊற்றிச் சுண்டவிடவும். கறியையும் நான்கு டம்ளர் தண்ணீரையும் சேர்த்து முக்கால் பதம் வேகவிட்ட பின்பே கடலை விழுது உள்ளே போக வேண்டும். விழுதை அப்படியே சட்டியில் போட்டால் உருண்டையாகிவிடும். 150 கிராம் வறுகடலையை வெண்ணெய்ப் பதத்தில் அரைத்து, கொதிக்கும் குழம்பிலிருந்து இரண்டு அகப்பை எடுத்து அதில் கரைத்து, பிறகு ஊற்றுவதே சரியான முறை. கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, முட்டைக்கோஸ் துண்டுகளும் இப்போதே சேரும். அடிக்கடி அடியைத் தொட்டுக் கிளறியபடி சிறு தீயில் அரை மணி நேரம் விட்டால், ஓரங்களில் செம்மஞ்சள் நிற எண்ணெய் பிரிந்து மேலே வரும். அதுவே வெந்ததற்கு அடையாளம். முழு மிளகாயைக் கீறாமல் போட்டால் குழம்பில் காரம் ஏறாமல் மணம் மட்டும் இறங்கும். சுடுசோற்றுக்கு இது நன்றாகவே பொருந்தும்.

இவற்றுள் என் மனத்துக்கு மிக நெருக்கமானது ஈரானின் ஃபெசென்ஜான். காஸ்பியன் கடலோரத்து கீலான் பகுதியில் வாத்துக்கறியோடு வைத்துப் பெயர் பெற்ற இந்தக் குழம்பில் இருப்பவை முக்கியமாக இரண்டே பொருள்கள்: அக்ரூட், மாதுளை. மாதுளைச் சாறு சுண்டிய பாகு நம் கடைகளில் எளிதில் கிடைக்காது. ஆனால் 1 லிட்டர் மாதுளைச் சாற்றை எவர்சில்வர் பாத்திரத்தில் மிதமான தீயில் ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சி, அரை எலுமிச்சம்பழச் சாறு சேர்த்தால் வீட்டிலேயே பாகு ஆகிவிடும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். புளிப்பு உலோகச் சுவையை இழுத்துவிடும். புளி இருக்கும்போது மாதுளை எதற்கு என்று எண்ணத் தோன்றும். புளியில் வைத்தால் அதுவும் ஒரு நல்ல குழம்பாகவே இருக்கும், ஆனால் மாதுளையின் துவர்ப்பும் இனிப்பும் சேர்ந்துதான் அக்ரூட்டின் கனத்தைத் தணிக்கின்றன என்பதால் இந்த ஓர் இடத்தில் மாற்றைப் பரிந்துரைக்க மாட்டேன்.

250 கிராம் அக்ரூட்டை வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு வடித்தால் தோலின் கசப்பில் ஒரு பகுதி நீரோடு போகும். துணியில் பரப்பி நன்றாக உலர்த்தி, மிக்சியை விட்டுவிட்டுச் சுற்றி மணல் பதத்தில் பொடிக்கவும். மண்சட்டி இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளவும். கீலானிலும் மண்பாத்திரத்தில் வைக்கும் வழக்கம் உண்டு. பொடியைச் சிறு தீயில் ஐந்து நிமிடம் புரட்டி, மூன்று டம்ளர் குளிர்ந்த நீர் ஊற்றிக் கொதி வந்ததும் தீயை மிகவும் தணித்து, மூடியைச் சற்றுத் திறந்து வைக்கவும். முதல் அரை மணி நேரம் அது வெளிறிய சாம்பல் கஞ்சியாகத்தான் தெரியும். பொறுமை இழக்க வேண்டாம். இடையில் ஓரிருமுறை அரை டம்ளர் ஐஸ் தண்ணீர் விட்டால் எண்ணெய் பிரிவது விரைவாகும் என்பது ஈரானியச் சமையலறைகளின் கைமுறை. ஒரு மணி நேரத்தை ஒட்டி நிறம் பழுப்பாக ஆழ்ந்து, மேலே சின்னச் சின்ன எண்ணெய்ப் பொட்டுகள் மின்னத் தொடங்கும். அப்போது பொன்னிறமாக வதக்கிய வெங்காயம், சிவக்கப் புரட்டிய கோழித் துண்டுகள் அரைக் கிலோ, மஞ்சள் தூள், சிறு பட்டைத்துண்டு, மிளகுத்தூள், உப்பு, மாதுளைப் பாகு ஆகியவற்றைச் சேர்த்து மேலும் முக்கால் மணி நேரம் விடவும். சுவைத்துப் பார்த்து, புளிப்பு மேலோங்கினால் ஒரு கரண்டி சர்க்கரையால் சரிசெய்யலாம். சைவ வீடுகளில் கோழிக்குப் பதில் மஞ்சள் பூசணியைப் பெரிய துண்டுகளாக வதக்கி, கடைசி இருபது நிமிடத்துக்குச் சேர்க்கலாம். இதற்குத் தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டாம். உதிரியாக வடித்த சோறு ஒன்றே போதும்.

அடுப்பே மூட்டாமல் செய்யும் வகையும் உண்டு. ஸ்பெயினின் தென்பகுதியான அந்தலூசியாவில் கோடைக்கு வைக்கும் அகோ பிளாங்கோ அப்படிப்பட்டது. தோலுரித்த பச்சைப் பாதாம் 100 கிராம், தண்ணீரில் ஊறவைத்த பழைய ரொட்டி இரண்டு துண்டு, ஒரு பல் பூண்டு, உப்பு ஆகியவற்றை மைய அரைத்து, ஆலிவ் எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு, குளிர்ந்த நீரும் சிறிது வினிகரும் கலந்து குளிரவைத்தால் முடிந்தது. திராட்சையைப் போட்டுக் குடிப்பார்கள். பாளையங்கோட்டையின் சித்திரை வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான சூப் எனக்குத் தெரியாது. இத்தாலியின் ஜெனோவாவில் பேசில் என்னும் மண இலையையும் பைன் கொட்டையையும் சேர்த்து அரைக்கும் பெஸ்டோ விழுதுக்கும் அடுப்பு வேண்டாம். பைன் கொட்டைக்கு இங்கே விலை மிக அதிகம் என்பதால் முந்திரியைப் போடலாம். இலைக்குத் துளசியைப் பறிக்காமல், அதே பேசில் இனத்தைச் சேர்ந்த திருநீற்றுப்பச்சிலையைத் தேட வேண்டும். அதன் மணம் இத்தாலிய வகையினும் சற்றுக் காட்டமாக இருக்கும் என்பதால் இலையைக் குறைத்துப் போடவும்.

பருப்பை ஈரமில்லாத மாவாகப் பயன்படுத்தும் முறைக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. ஐரோப்பியர் பாதாமில் செய்யும் மக்ரூனைத் தூத்துக்குடி பேக்கரிகள் முந்திரியிலேயே செய்கின்றன. முட்டை வெண்கருவையும் சர்க்கரையையும் நுரை நிற்கும் வரை அடித்து, முந்திரித்தூளை மடித்துக் கலக்கும் அந்த வேலையில், தூள் எண்ணெய் விடாமல் இருக்க வேண்டும் என்பதே நுணுக்கம். எண்ணெய் பட்டால் நுரை அமர்ந்துவிடும். எனவே மிக்சியைத் தொடர்ந்து ஓடவிடாமல் இரண்டிரண்டு நொடியாகச் சுற்றி, சலித்து எடுக்கவும்.

விருந்தாளிகளுக்குப் பரிமாறும் முன் நிலக்கடலையோ பிற கொட்டைப்பருப்போ ஒவ்வாதவர் யாரேனும் உண்டா என்று கேட்டுவிட வேண்டும். அரைத்துச் சேர்த்த பருப்பு கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வாமை உள்ளவருக்குச் சிறிதளவே உயிருக்கு ஆபத்தாகலாம். மீந்த குழம்பைக் குளிர்பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம். ஃபெசென்ஜான் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். குளிர்ந்தபின் எல்லாமே இறுகிப்போயிருக்கும் என்பதால், சூடாக்கும்போது முதலில் கால் டம்ளர் வெந்நீர் விட்டுக் குழம்பை இளக்கிக்கொண்டு, அதன் பின்னரே அடுப்பைப் பற்றவைக்கவும்.