தண்ணீரே தொண்டைக்குக் கீழே இறங்கவில்லையா? அகலேசியாவைக் கண்டறிவதும் கவனிப்பதும்

அகலேசியா ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குப் புதிதாக வரும் நோய். உணவுக்குழாயின் அடியில் உள்ள வளையத் தசை, விழுங்கும்போது தளர்ந்து வழிவிட வேண்டும். தளர்த்தும் நரம்பணுக்கள் அழிவதால் அது இறுகியே கிடக்கிறது. குழாயும் உணவைக் கீழே தள்ளுவதில்லை. 'கேஸ் டிரபிள்' என்று ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்கள் பலர்.

மருத்துவரிடம் "சாப்பாடு இறங்கல" என்று மட்டும் சொன்னால் போதாது. சோற்றோடு தண்ணீரும் கஞ்சியும் கூடச் சிக்குகிறதா? எதுக்களித்து வருவது புளிக்கிறதா? இரைப்பையைத் தொடாத சோறு பெரும்பாலும் புளிப்பில்லாமல், மென்ற பருக்கையாகவே திரும்பும். காலையில் தலையணையில் பருக்கை கிடந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். இரவு இருமல், நெஞ்சுவலி, எத்தனை மாதத்தில் எத்தனை கிலோ குறைந்தது என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள்.

முதலில் எண்டோஸ்கோப்பி. குழாயில் பழைய உணவு தேங்கியிருக்கும். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. ஆகவே முன்கூட்டியே சொல்லி, ஓரிரு நாள் நீராகாரம் மட்டும் போதுமா என்று கேளுங்கள். எண்டோஸ்கோப்பி 'நார்மல்' என்று வந்தாலும் அகலேசியா இல்லை என்றாகாது. இங்கேதான் பலருக்கு ஆண்டுகள் வீணாகின்றன. அடுத்து பேரியம் எக்ஸ்ரே: எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கரைசலைக் குடித்த 1, 2, 5 நிமிடங்களில் படமெடுத்து எவ்வளவு தேங்குகிறது என்று பார்ப்பார்கள். உறுதி செய்வதும் மூன்று வகைகளில் எது என்று சொல்வதும் மேனோமெட்ரிதான், அதாவது மெல்லிய குழாயை விட்டு உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் சோதனை. டிரமடால் போன்ற வலிமருந்து எடுப்பவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும். அவையும் இதே போன்ற முடிவைக் காட்டும். வயதானவருக்குச் சில மாதங்களிலேயே எடை சரிந்தால், புற்றுநோய் இந்த வேடத்தில் வரக்கூடும். சிடி ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.

அழிந்த நரம்பு திரும்பாது. இறுக்கத்தைத்தான் தளர்த்த முடியும். பலூனால் வளையத் தசையை விரிப்பது, வயிற்றின் வழியாக அத்தசையை வெட்டும் ஹெல்லர் அறுவை, ஜப்பானில் மருத்துவர் இனோவே 2008-இல் தொடங்கிய, வாய்வழி எண்டோஸ்கோப்பியால் தசையை வெட்டும் 'போயம்' (POEM) ஆகியவை முக்கிய வழிகள். உணவுக்குழாயே இசிவெடுத்து இறுகும் மூன்றாம் வகைக்கு நீளமாக வெட்ட முடிவதால் போயம் பொருந்தும். ஆனால் அதன்பின் அமிலம் மேலேறுவது அதிகம். தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசியின் பலன் பெரும்பாலும் ஓராண்டு தாங்காது. அறுவை தாங்காதவர்களுக்கே அது.

வீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, நன்றாக மென்று, இடையிடையே தண்ணீரோடு சாப்பிட வேண்டும். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே இரவுச் சாப்பாடு முடியட்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து 15–20 செ.மீ. உயர்த்துங்கள், தலையணைகளை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும். டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரை குழாயில் தங்கினால் புண்ணாக்கும், மாற்று கேளுங்கள். சிகிச்சைக்குப் பிறகு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், மருத்துவர் சொல்லும் நாளில் பேரியம் எக்ஸ்ரேயை மீண்டும் எடுத்துவிடுங்கள். தேக்கம் உடம்புக்குத் தெரியாமலும் கூடும்.