மதுப்பழக்கத்திலிருந்து மீள ஆதரவுக் கூட்டம்: தேடுவது முதல் உள்ளே போய் உட்காருவது வரை

குடியை விட வேண்டும் என்று நினைப்பவர்களில் பலர், எந்தக் கூட்டம் நமக்குச் சரிப்படும் என்று தேடுவதிலேயே வாரங்களைக் கழித்துவிடுகிறார்கள். அவ்வளவு ஆராய வேண்டாம். நாளைக்கு நடக்கிற கூட்டம்தான் இப்போதைக்கு உங்களுக்கு நல்ல கூட்டம்.

தேடுவதற்கு முன் ஒரு விஷயம். தினமும் அதிகமாகக் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை என்று தொடங்கி வலிப்பு வரைக்கும் போகலாம். வலிப்பு பெரும்பாலும் கடைசியாகக் குடித்த 2 நாட்களுக்குள் வரும். அதையடுத்து மனம் குழம்பி, இல்லாத உருவங்கள் தெரிய ஆரம்பித்தால் உயிருக்கே ஆபத்து. இதைக் கூட்டத்தில் சரிசெய்ய முடியாது. டாக்டரிடம் எவ்வளவு குடித்தீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லி, அவர் சொல்லும் முறையில் நிறுத்துங்கள்.

சரி, இப்போது தேடலாம்.

முதல் படி: என்னென்ன குழுக்கள் இருக்கின்றன?

அதிக இடங்களில் கிடைப்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாக நின்றதில் தொடங்கியது. 12 படிகள் என்ற வழிமுறையைப் பின்பற்றுகிறது. அந்தப் படிகளில் கடவுள் என்ற சொல் வரும். ‘நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்’ என்றே அதைச் சொல்கிறார்கள். நம்பிக்கை இல்லாதவர்களும் நிறையப் பேர் வருகிறார்கள். கடவுள் என்ற சொல் உறுத்தினால் 1994-ல் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரியைப் பாருங்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளவியல் பயிற்சிகள்தான் அங்கே அடிப்படை. பெண்களுக்கென்றே 1975 முதல் விமன் ஃபார் சோப்ரைட்டி இருக்கிறது.

இதெல்லாம் உண்மையில் பலன் தருமா என்று கேட்பது நியாயமான கேள்வி. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 2020-ல் வெளியிட்ட மதிப்பாய்வு, 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஏ.ஏ.வில் முறையாகச் சேர்த்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்ற பேச்சுச் சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தந்தது என்பது அதில் தெரிந்தது.

இரண்டாம் படி: எங்கே, எப்போது?

ஏ.ஏ.வின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உங்கள் பகுதிக்கான தொடர்பு எண் கிடைக்கும். ‘மீட்டிங் கைடு’ என்ற இலவசச் செயலியும் இருக்கிறது. என்னைக் கேட்டால் போன் செய்வதே மேல். பட்டியலில் இருக்கும் நேரமும் இடமும் பழையதாக இருக்கலாம்; அதோடு, போனை எடுப்பவரும் பெரும்பாலும் குடியிலிருந்து மீண்டவராகவே இருப்பார். கேட்க வேண்டியது மூன்றுதான்: அடுத்த கூட்டம் எப்போது, எந்த மொழியில் நடக்கும், புதியவர் வரலாமா. உங்கள் முழுப்பெயரைச் சொல்லத் தேவையில்லை. நேரில் போக முடியாதவர்களுக்கு ஆன்லைன் கூட்டங்கள் உண்டு. அதில் போட்டிருக்கும் நேரம் எந்த நாட்டு நேரம் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் ‘ஓப்பன்’, ‘க்ளோஸ்டு’ என்று போட்டிருப்பார்கள். ஓப்பன் கூட்டத்துக்கு யாரும் வரலாம். தனியாகப் போகத் தயங்கினால் வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். க்ளோஸ்டு என்றால் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு, அல்லது தனக்கு இருக்குமோ என்று நினைப்பவர்களுக்கு மட்டும். அதைப் பார்த்து ‘நமக்கு அனுமதி இல்லை போல’ என்று திரும்பிவிடாதீர்கள். உங்களுக்கான கூட்டமே அதுதான்.

மூன்றாம் படி: உள்ளே போவது

இங்கேதான் அதிகம் பேர் நின்றுவிடுகிறார்கள். வாசல் வரை வந்து திரும்பிப்போனவர்கள், அப்புறம் வந்து சேர்ந்த கதையைக் கூட்டத்தில் அடிக்கடி கேட்கலாம். பத்து நிமிடம் முன்னதாகப் போய், கண்ணில் படும் முதல் ஆளிடம் “முதல் தடவை வருகிறேன்” என்று சொல்லுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

கூட்டம் பொதுவாக ஒரு மணி நேரம், சில இடங்களில் ஒன்றரை மணி நேரம். யாராவது ஒரு பகுதியை வாசிப்பார்கள், பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் அனுபவத்தைப் பகிர்வார்கள். ஒருவர் பேசும்போது குறுக்கே புத்தி சொல்வது பெரும்பாலான குழுக்களில் வழக்கமில்லை. உங்கள் முறை வந்தால் “இன்று கேட்க மட்டும் வந்தேன்” என்று சொன்னாலே போதும். ஏ.ஏ.வில் சந்தா, கட்டணம் எதுவும் கிடையாது. வாடகைச் செலவுக்குக் காணிக்கை மாதிரி ஒன்று சுற்றிவரும். போட முடியாவிட்டால் அடுத்தவரிடம் நகர்த்திவிடுங்கள். உறுப்பினராக ஒரே தகுதிதான்: குடியை நிறுத்தும் விருப்பம். நேற்று குடித்தவருக்கும் அந்தத் தகுதி உண்டு. யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை வெளியில் பேசக்கூடாது என்பது எல்லோருக்குமான விதி. உங்களைப் பற்றியும் வெளியே போகக்கூடாது என்பதற்காகத்தான் அது.

நான்காம் படி: அதற்குப் பிறகு

முதல் கூட்டம் பிடிக்காமல் போகலாம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் உண்டு, அதனால் நாலைந்து வெவ்வேறு கூட்டங்களைப் பார்த்த பிறகு முடிவுசெய்யுங்கள். கிளம்பும் முன் இரண்டு பேரின் போன் நம்பராவது வாங்கிக்கொள்ளுங்கள். குடிக்கத் தோன்றும் நேரம் கூட்டம் நடக்கும் நேரமாக இருக்காது. அப்போது அந்த நம்பர்தான் கைகொடுக்கும். கொஞ்ச நாள் போனதும், ஏ.ஏ.வின் 12 படிகளில் வழிகாட்ட மூத்த உறுப்பினர் ஒருவரை ஸ்பான்சராக இருக்கும்படி கேட்கலாம்.

குடிப்பவரின் வீட்டாருக்கு 1951 முதல் அல்-அனான் என்ற தனி அமைப்பு இருக்கிறது. அவர் கூட்டத்துக்கு வர மறுத்தாலும் நீங்கள் உங்களுக்காக அங்கே போகலாம்.