மலாவியில் தன்னார்வலராக இருப்பவர்கள் நண்பர்களோடு ஏரிக்கரையில் ஓய்வெடுப்பது எப்படி

ஆப்பிரிக்க நாடான மலாவிக்குத் தன்னார்வலராக வருபவர்களில் பெரும்பாலோர் விடுப்பு எடுக்கக் கூச்சப்படுகிறார்கள். சுற்றியுள்ளவர்கள் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டே ஏரிக்கரைக்குப் புறப்படுவது தவறு என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. டெட்ஸா மாவட்டத்தின் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்த முதல் ஐந்து மாதங்களில் நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு நாள் பேனா இரவல் கேட்ட மாணவியிடம் வகுப்பே அதிரக் கத்திவிட்டேன். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு தன் இடத்துக்குத் திரும்பினாள். எனக்கு ஓய்வு எப்போதோ தேவைப்பட்டிருக்கிறது என்பது அன்றுதான் புரிந்தது. களைத்துப் போன பிறகு விடுப்பைத் தேடுவதைவிட, பணியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று நாள் குறித்து, பொறுப்பாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

யாரோடு போவது என்பது அடுத்த கேள்வி. வெளிநாட்டிலிருந்து வந்து பணியாற்றும் மற்ற தன்னார்வலர்களோடு போவதில் தனியான ஓர் ஆறுதல் உண்டு. ஊரில் நாம் எவ்வளவு பழகினாலும் விருந்தாளிகள்தான். என்ன வாங்குகிறோம், யாரோடு பேசுகிறோம், எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறோம் என்பதை ஊர் கவனித்துக்கொண்டே இருக்கிறது. வெள்ளையர்களை அங்கே 'அசுங்கு' என்பார்கள். இந்தியர்களுக்கு 'அம்வென்யே' என்று தனிப் பெயரே இருக்கிறது. தலைமுறைகளாக அங்கே கடை வைத்திருக்கும் இந்திய வணிகர்களை மக்கள் அறிந்திருப்பதால், எந்தக் கடை என்னுடையது என்று என்னிடம் கேட்காத சந்தையே இல்லை. இதையெல்லாம் விளக்கிச் சொல்லாமலேயே புரிந்துகொள்ளும் நான்கைந்து பேரோடு இரண்டு நாள் இருப்பது மனத்துக்குப் பெரிய இளைப்பாறல். எங்கள் குழுவில் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஒரு செவிலியர், கென்யாவிலிருந்து வந்த வேளாண் பயிற்றுநர், அயர்லாந்தைச் சேர்ந்த இருவர், நான் என ஐந்து பேர் இருந்தோம். ஆறு பேருக்கு மேல் போனால் எதையும் முடிவு செய்வதற்கே பாதி நாள் போய்விடும்.

புறப்படுவதற்கு முன் ஒவ்வொருவருடைய அமைப்பின் விதிகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். இருட்டிய பின் சாலையில் பயணம் செய்யக் கூடாது என்பது பல அமைப்புகளில் உள்ள விதி; அமெரிக்காவின் பீஸ் கோர் போன்ற சில அமைப்புகளோ மோட்டார் சைக்கிளில் ஏறுவதையே அனுமதிப்பதில்லை. ஐந்து பேரில் யாருடைய விதி மிகக் கடுமையானதோ அதையே எல்லோருக்கும் விதியாக வைத்துக்கொண்டு திட்டமிட்டால், நடுவழியில் ஒருவர் மட்டும் தவிக்க வேண்டிய நிலை வராது. எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்பதை அலுவலகத்துக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பண விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். உள்ளூர்ச் செலவுக்கு மட்டும் போதுமான உதவித்தொகை பெறுபவரும், டாலரில் சம்பளம் வாங்கும் நண்பரும் ஒரே மேசையில் உட்காரும்போது, குறைவாக உள்ளவர் வாய் திறந்து சொல்ல மாட்டார். எனவே தங்குமிடத்தையும் உணவையும் குழுவில் மிகக் குறைவான பணம் உள்ளவரின் அளவுக்குத் தேர்ந்தெடுங்கள். அறை, பயணம், பொதுச் சாப்பாடு ஆகியவற்றுக்கு எல்லோரும் முதலிலேயே சமமான தொகையை ஒருவரிடம் கொடுத்து, அவர் ஒரு நோட்டில் கணக்கு எழுதட்டும். பீரும் படகுச் சவாரியும் அவரவர் பாடு. ஏரிக்கரைக் கிராமங்களில் ஏடிஎம்மை நம்பக் கூடாது. தேவையான குவாச்சாவை (மலாவி நாணயம்) தலைநகர் லிலோங்வேயிலேயே எடுத்துக்கொள்வதோடு, ஏர்டெல் மணி, டிஎன்எம் ம்பாம்பா என்ற கைப்பேசிப் பணச் சேவைகளில் ஒன்றில் கொஞ்சம் பணம் வைத்திருப்பதும் நல்லது.

எங்கே போவது என்று கேட்டால், முதல் முறை போகிறவர்களுக்குக் கேப் மெக்ளியரையே சொல்வேன். ஏறத்தாழ 580 கி.மீ. நீளமுள்ள மலாவி ஏரியின் தென்கோடியில், செம்பே என்ற மீனவக் கிராமத்தை ஒட்டிய மணற்கரை அது. சுற்றியுள்ள மலாவி ஏரித் தேசியப் பூங்கா 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பாறைகளுக்கிடையே திரியும் நீலமும் மஞ்சளுமான ம்புனா மீன்கள்தான் அதற்குப் பெரிய காரணம். லிலோங்வேயிலிருந்து டெட்ஸா வழியாக மலையிறங்கி மங்கி பே சென்று, அங்கிருந்து கேப் மெக்ளியருக்குப் போக வேண்டும். மொத்தத் தொலைவு சுமார் 250 கி.மீ. தான் என்றாலும் மினிபஸ் ஆட்கள் நிரம்பிய பிறகே புறப்படும் என்பதால், விடியற்காலையில் கிளம்பினால்தான் வெளிச்சம் இருக்கும்போது போய்ச் சேரலாம். மங்கி பேயிலிருந்து கடைசித் தூரத்தை 'மடோலா' எனப்படும் பிக்கப் லாரியில் மூட்டைகளோடு மூட்டையாகக் கடப்பவர்கள் பலர். உங்கள் அமைப்பு அதை அனுமதிக்காவிட்டால், ஐந்து பேர் சேர்ந்து ஒரு டாக்சி பேசிக்கொள்ளலாம். மே முதல் அக்டோபர் வரை மழை இருக்காது. ஜூன், ஜூலையில் 'ம்வேரா' என்ற தென்கிழக்குக் காற்று பலமாக வீசும் நாட்களில் சிறு படகில் தீவுகளுக்குப் போகாதீர்கள்.

அடுத்தது பில்ஹார்சியா என்ற புழு நோய். அதைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். ஏரித் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருப்பதால் பலரும் ஏமாந்துபோகிறார்கள். கரையோரத்தின் ஆழமற்ற நீரில் வாழும் ஒரு வகை நத்தையிலிருந்து வெளிப்படும் நுண்புழுக்கள், தண்ணீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உடலுக்குள் போய்விடுகின்றன. கேப் மெக்ளியரில் ஓய்வுக்காக நீந்திய இரண்டு பீஸ் கோர் தன்னார்வலர்களுக்கு 1992-இல் இந்த நோய் மூளை, தண்டுவட மண்டலத்தைத் தாக்கிய பிறகுதான், வெளிநாட்டவரிடையே இதன் பரவல் தீவிரமாக ஆராயப்பட்டது. அவர்களும் நம்மைப் போல நண்பர்களோடு விடுமுறைக்கு வந்தவர்கள்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாணல் வளர்ந்த கரையும், கிராமத்தார் குளித்துத் துவைக்கும் துறையும் அதிக ஆபத்தானவை. படகில் சென்று ஆழமான இடத்தில் இறங்கினால் ஆபத்து குறையும், அறவே நீங்காது. விடுதியில் குளிக்கும் தண்ணீர் ஏரியிலிருந்து நேரே வருகிறதா, ஓரிரு நாள் தொட்டியில் தேங்கிய பிறகு வருகிறதா என்று கேளுங்கள். அப்படித் தேங்கிய நீரில் அந்த நுண்புழுக்கள் இறந்துவிடும். நீந்துவது என்று முடிவு செய்தால் பிராசிகுவான்டெல் மருந்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள்: ஊர் திரும்பிய மறுநாளே மாத்திரையை விழுங்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்த மருந்து வளர்ந்த புழுக்களைத்தான் கொல்லும் என்பதால், கடைசியாகத் தண்ணீரில் இறங்கிய நாளிலிருந்து குறைந்தது 6 முதல் 8 வாரம் கழித்தே சாப்பிட வேண்டும். அளவு உடல் எடையைப் பொறுத்தது, மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அறிகுறி ஒன்றுமே தெரியவில்லை என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள்.

மலேரியாவைப் பற்றித் தன்னார்வலர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் டெட்ஸாவின் குளிர்ந்த மேட்டுநிலத்திலிருந்து வருபவர்கள், ஏரிக்கரையில் கொசு மிக அதிகம் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஸ்காட்லாந்து மதப்பணியாளர்கள் 1875-இல் கேப் மெக்ளியரில் குடியேறி, நோயால் பலரைப் பறிகொடுத்து, 1881-இல் வடக்கே பண்டாவேக்கு இடம் மாறினார்கள். இறந்தவர்களின் கல்லறைகள் இன்றும் கேப் மெக்ளியரில் இருக்கின்றன. மலேரியாத் தடுப்புக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை சாப்பிடுபவர்களின் தோல் வெயிலில் எளிதில் வெந்துவிடும் என்பதால், படகில் போகும்போது முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மாலை எல்லோரும் புலம்புவார்கள். வராத புத்தகங்கள், பதில் வராத கடிதங்கள், இல்லாத மின்சாரம் என்று கொட்டித் தீர்ப்பதில் தவறில்லை, அதற்காகத்தானே ஒன்றுகூடுகிறோம். ஆனால் அதற்கு ஓர் எல்லை வேண்டும் என்பதை ஒரு மாலைப் பொழுது எனக்குக் கற்றுக்கொடுத்தது. சக ஆசிரியர் ஒருவரின் ஆங்கில உச்சரிப்பை நான் நடித்துக் காட்ட, மேசையே சிரித்தது. மீன் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்த இளைஞர் ஒரு நொடி கையை நிறுத்தினார். பிறகு எல்லாத் தட்டுகளையும் ஒழுங்காக வைத்துவிட்டு, "வேறு ஏதாவது வேண்டுமா, ஐயா?" என்று மிகத் தெளிவான ஆங்கிலத்தில் கேட்டார். ஆங்கிலம் அந்நாட்டின் அலுவல் மொழி. நாம் பேசுவது பரிமாறுபவருக்கும் படகோட்டிக்கும் காவலாளிக்கும் புரியும். மறுநாள் காலை அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "சிக்கோமோ" (நன்றி) என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வந்தது: முதல் இரவுச் சாப்பாடு முடியும்வரை குறைகளைச் சொல்லலாம், ஆட்களைப் பற்றி அல்ல; அதன் பிறகு திரும்பும்வரை வேலைப் பேச்சே கிடையாது.

வேலைப் பேச்சு நின்ற பிறகுதான் அந்தக் கரை கண்ணில் படும். காலையில் பெண்கள் மூங்கில் தட்டிகளில் உசிபா மீனைப் பரப்பிக் காயவைப்பார்கள். நம் நெத்திலியை ஒத்த அந்தச் சிறு மீன் வெயில் ஏற ஏற வெள்ளிப் பளபளப்பு மங்கிச் சாம்பல் நிறமாவதையும், அவர்கள் உள்ளங்கையால் அதைப் புரட்டிவிடுவதையும் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். மர நிழலில் பெரியவர்கள் 'பாவோ' ஆடுவார்கள். அது நம் பல்லாங்குழியின் உறவு என்றாலும், நான்கு வரிசைகளில் 32 குழிகள் கொண்டது. "முலி ப்வாஞ்சி" என்று நலம் விசாரித்துவிட்டு அருகில் அமர்ந்தால் சொல்லித்தருவார்கள். படகோட்டிகளிடமும் வழிகாட்டிகளிடமும் கரையிலேயே விலையைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். கடைசிக் குவாச்சாவரை பேரம் பேசாதீர்கள். பள்ளி நேரத்தில் தகர டப்பா மேளத்தோடு வந்து பாடும் சிறுவர்களுக்குப் பணம் கொடுப்பது வகுப்பறையை இன்னும் காலியாக்கும் என்பது ஓர் ஆசிரியராக என் உறுதியான எண்ணம். கிராமத்துக்குள் நடக்கும்போது பெண்கள் நீச்சல் உடையின் மேல் ஒரு சித்தேஞ்சேத் துணியைச் சுற்றிக்கொள்வது மரியாதை. இருட்டிய பின் உசிபா பிடிக்கப் போகும் படகுகளின் விளக்குகள் ஏரி முழுவதும் வரிசையாகத் தெரியும். அந்த நேரத்தில் எங்கள் ஐவரில் யாரும் பேசியதில்லை.

வேலை தொடங்குவதற்கு ஒரு முழு நாள் முன்னதாகவே திரும்பிவிடுங்கள். ஏரிக்குப் போனவர் மீனோடு வருவார் என்பது மலாவியில் எல்லோரும் எதிர்பார்ப்பது. கார்களின் முன்புறத்தில் மீனைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போவதை வழியெங்கும் பார்ப்பீர்கள். இரண்டு கிலோ காய்ந்த உசிபா வாங்கி, பக்கத்து வீட்டுக்கும் காவலாளிக்கும் ஆசிரியர் அறைக்கும் பங்கிட்டுக் கொடுங்கள். அன்று மாலையே நாட்காட்டியில் எட்டு வாரம் தள்ளிப் பிராசிகுவான்டெல் என்று எழுதிவிட்டு, அதற்குச் சில வாரங்கள் தள்ளி அடுத்த விடுப்பின் தேதியையும் குறித்து நண்பர்களுக்குத் தெரிவியுங்கள்.